பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, பெல்ட்டா? கோத்தகிரியிலிருந்து ஓர் உதவி

வணக்கம். 9 வருட டீசல் கார். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆல்டர்னேட்டரை (எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) சுழற்றும் பெல்ட் கிறீச்சிடுகிறது, சூடானதும் அடங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது பனிமூட்டத்தில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டால் பேட்டரி விளக்கு மினுக்குகிறது.

மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரவெல்லாம் நிறுத்திவைத்த பிறகும் 12.6 வோல்ட் காட்டுகிறது. எஞ்சின் ஓடும்போது 14.1. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டால் 12.8க்கு இறங்குகிறது. பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், சத்தம் கூடியது. அப்படியானால் பெல்ட் வழுக்குகிறது, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லை, ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்குமா?

அம்மாவை வாராவாரம் கோவைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். இரவில் கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிடுமோ என்று பயம். குன்னூர் பக்கம் ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதிக்கும் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருந்தால் சொல்லுங்கள்.