போர்வை முக்கோணமாகிக்கொண்டே போகிறது, பிரிக்கலாமா?

கேள்வி:
ஆபீஸ் வேலை முடிந்ததும் லேப்டாப்பை மூடிவிட்டு, ராத்திரி அரை மணி நேரம் கொக்கி ஊசியால் குரோஷே பின்னுகிறேன். மகளுக்கு ஒரு போர்வை. வரிசைக்கு 60 கண்ணில் (ஒவ்வொரு பின்னலும் ஒரு கண்) ஆரம்பித்தேன், இப்போது எண்ணினால் 47தான். ஓரம் உள்வாங்கிக்கொண்டே போகிறது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து "எப்பம்மா முடியும்?" என்கிறாள். நாள் முழுக்க நாங்கள் நிதானமாகப் பேசுவதே அந்த அரை மணிதான். பிரிக்க மனசே வரவில்லை.

பதில் 1:
வரிசையின் கடைசிக் கண் விட்டுப்போகிறது. வரிசை முடிந்து திருப்பும்போது உயரத்துக்காகப் போடும் 3 சங்கிலிப் பின்னலை முதல் கண்ணாகக் கணக்கு வைத்தால், அடுத்த வரிசையை முடிக்கையில் அந்தச் சங்கிலியின் உச்சியிலும் ஒரு கண் போட வேண்டும். அந்த இடம் கண்ணுக்கே தெரியாது. சங்கிலி போட்டவுடனே மூன்றாவதில் ஒரு ஊக்கு மாட்டிவிடுங்கள். எனக்கும் முதல் மப்ளர் இப்படித்தான் ஆனது.

பதில் 2:
பிரித்துவிடுங்கள் தோழி. நூல் வீணாகாது. பிரித்த நூல் சுருண்டிருந்தால் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் நேராகிவிடும். இனி கண் எண்ணும் வேலையை மகளிடம் கொடுங்கள். என் பையன் அப்படித்தான் வரிசைக்கு வரிசை எண்ணிச் சொல்வான்.

கேட்டவர்:
நேற்று பிரித்தோம். 9ஆம் வரிசை வரை 60 சரியாக இருந்தது. நான் இழுக்க இழுக்க அவள் உருண்டையாகச் சுற்றினாள். பள்ளியில் தோழியோடு வந்த சண்டையைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். இன்றைக்கு ஊக்கு மாட்டிப் பத்தாவது வரிசை, எண்ணியது அவள்: 60.