திருப்புளி ‘ஸ்லிப்’ ஆவதற்கு ஒரு சொல் போதாது: ‘முனைப் பிதுக்கம்’ குறித்த பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம். கருவிக் கையேடுகளுக்கான தமிழ்ச் சொற்கள் குறித்த நம் உரையாடலில், திருப்புளி (ஸ்க்ரூடிரைவர்) ‘ஸ்லிப்’ ஆவதற்கு ‘வழுக்கல்’, ‘எம்பல்’, ‘எழும்பல்’ ஆகிய சொற்கள் பரிந்துரைக்கப்பட்டன; அவை பற்றிய என் கருத்து இது.

வீட்டுப் பழுதுபார்ப்புக்கான கருவிப் பெயர்களில் திருப்புளி, குறடு, அரம், ரசமட்டம், மூலைமட்டம் ஆகியவை பட்டறைகளில் ஏற்கெனவே புழங்கி வருவதால், அவற்றுக்குப் புதுச்சொல் தேட வேண்டிய தேவை இல்லை என்றே கருதுகிறேன். நமக்குப் பற்றாக்குறை இருப்பது கருவிகளைக் கையாளும்போது நேரும் கோளாறுகளைக் குறிக்கும் சொற்களில்தான். திருகாணியை முடுக்கும்போதோ கழற்றும்போதோ ஏதேனும் தவறினால், “ஸ்லிப் ஆகிறது” என்று ஒரே தொடரில் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு தொடருக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்குச் செய்ய வேண்டிய பரிகாரம் இன்னொன்றைக் கெடுத்தும்விடும். ஆகவே, நான்குக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

இவற்றுள் முதலாவதும் அதிக விளக்கம் தேவைப்படுவதும், பொறியியலில் ‘கேம் அவுட்’ எனப்படும் நிகழ்வு. ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற, கூட்டல்குறி வடிவில் குழிவு கொண்ட திருகாணித் தலையை (பிலிப்ஸ் தலை) எடுத்துக்கொள்வோம். அதன் குழிவின் பக்கச் சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் அடியை நோக்கிக் குறுகிச் செல்கின்றன. திருப்புளியைத் திருப்பும்போது அதன் முனை அந்தச் சரிந்த சுவரில் அழுந்துகிறது. அழுத்தத்தின் பெரும்பகுதி ஆணியைச் சுழற்றினாலும், ஒரு பகுதி முனையைக் குழிவிலிருந்து வெளியே தள்ளுகிறது. ஆணி இறுகிக் கொண்டே போகும்போது திருப்பும் விசை கூடுவதால், வெளித்தள்ளும் விசையும் அதற்கேற்பக் கூடுகிறது. நம் உள்ளங்கை தரும் அழுத்தத்தை அது மிஞ்சும் கணத்தில், முனை ‘டக்’ என்று குழிவை விட்டு வெளியேறி, அடுத்த பள்ளத்தில் போய் விழுகிறது. இறுக்கம் எல்லை மீறாமல் இருப்பதற்காகவே இப்படி அமைத்தார்கள் என்ற கருத்து பரவலாக இருக்கிறது. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். எனவே, ‘முனைப்பிழை’ என்பதைப் போலக் குறைகூறும் சொல்லை விடுத்து, நடப்பதை மட்டும் சொல்லும் சொல்லைத் தேர்வதே முறை.

‘வழுக்கல்’ என்ற பரிந்துரை முதலில் பொருத்தமாகத் தோன்றினாலும், வழுக்குதல் என்பது ஒரு பரப்பின்மீது பக்கவாட்டில் சறுக்குவதைக் குறிக்கிறது. அந்தச் சொல்லை இரண்டாவது கோளாறுக்கு, அதாவது ஒற்றைப் பிளவுத் தலைக்கென்றே ஒதுக்கி வைக்கலாம். ஏனெனில், அங்குதான் தட்டை முனை பிளவின் வழியே பக்கவாட்டில் ஓடி, பலகையைக் கீறுகிறது, சில வேளைகளில் ஆணியைப் பிடித்திருக்கும் இடக்கையையும் குத்திவிடுகிறது. ‘எம்பல்’ என்ற பரிந்துரை எனக்கும் பிடித்திருந்தது. ஓசையும் நன்றாக இருக்கிறது. ஆனால், எம்புதல் என்றாலே மேல்நோக்கிச் செல்வது என்ற பொருள் உடன் வந்துவிடுகிறது. மேற்கூரையில் பொருத்திய விளக்குத் தாங்கியையோ மேசையின் அடிப்பக்கத்தையோ முடுக்கும்போது முனை கீழ்நோக்கி அல்லவா வெளியேறுகிறது? ‘எழும்பல்’ என்பதற்கும் இதே தடை உண்டு.

நான் முன்வைப்பது ‘முனைப் பிதுக்கம்’. ஈரமான புளியங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது பிதுங்கி வெளியே ஓடுகிறது. சாய்ந்த பரப்பில் பக்கத்திலிருந்து அழுந்தும் பொருள் வேறு திசையில் வெளித்தள்ளப்படுவதே இரண்டிலும் நடக்கிறது. பிதுங்குதல் என்ற வினையில் அழுத்தம்தான் காரணம் என்பதும் அடங்கியிருக்கிறது. மேல், கீழ் என்ற திசைக் கட்டும் இல்லை. மருத்துவத் தமிழில் ‘பிதுக்கம்’ ஏற்கெனவே பழகிய சொல் என்பதால் ஓசையிலும் அந்நியமாக இராது. வினையாகவும் எளிதில் வருகிறது: முனை பிதுங்குகிறது, பிதுங்கிவிட்டது, பிதுங்காமல் பிடி. குழிவின் சரிவால் எழும் வெளித்தள்ளும் விசையைப் ‘பிதுங்கு விசை’ என்று வினைத்தொகையாகவே சொல்லிவிடலாம்.

பிதுங்குவது மென்மையான பொருள்தானே, உருக்கு முனைக்கு அது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். கொட்டையும் கடினமானதுதான், பிதுங்குதலைத் தீர்மானிப்பது பொருளின் மென்மை அன்று, அழுத்தம் வந்து சேரும் கோணமே.

இந்தச் சொல் கைக்கும் வழிகாட்டுகிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. “முனை பிதுங்குகிறது” என்று சொன்னவுடன், அதை உள்நோக்கி அழுத்த வேண்டும் என்பது விளங்கிவிடுகிறது. திருப்புளியை ஆணியின் நேர்க்கோட்டில் வைத்து, பிடியின் பின்புறத்தை உள்ளங்கையால் தாங்கி, திருப்புவதைவிட அழுத்துவதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். முனையின் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். கூட்டல்குறி முனைகள் பொதுவாக 0 முதல் 4 வரை எண்ணிடப்படுகின்றன. வீட்டில் பெரும்பாலும் தேவைப்படுவது 2. அந்த ஆணியில் எண் 1 முனையும் நுழையும், சுழற்றவும் செய்யும். ஆனால் சுவரை முழுதாகத் தொடாமல் ஓரிரு இடங்களில் மட்டும் தொடுவதால் விரைவில் பிதுங்கிவிடும். காந்தம் ஏற்றாத முனையில் ஆணியைச் செருகிக் கிடையாகப் பிடித்துப் பார்த்தால், பொருத்தம் சரியா என்பது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

முனை பிதுங்க இன்னொரு காரணமும் உண்டு. சில ஆணித் தலைகளில், கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். அவை போசிடிரைவ் வகை. அவற்றின் சுவர்கள் ஏறத்தாழ இணையாக அமைந்திருப்பதால் பிதுங்கு விசை குறைவு. அதில் பிலிப்ஸ் முனையைச் செருகினால் அந்தப் பயன் போய்விடும். கனடாவைச் சேர்ந்த ராபர்ட்சன் 1909-இல் காப்புரிமை பெற்ற சதுரக் குழிவிலும், ஆறு மடல் கொண்ட டார்க்ஸ் குழிவிலும் பிதுக்கம் மிகக் குறைவு. இங்கே ஒரு சிறு வேண்டுகோள்: கூட்டல்குறித் தலையை ‘ஸ்டார்’ என்று அழைக்கும் வழக்கத்தைக் கையேடுகளிலாவது தவிர்ப்போம். டார்க்ஸ் தலைதான் உண்மையில் விண்மீன் வடிவம் கொண்டது; இரண்டையும் ஒரே பெயரால் சுட்டினால், படிப்பவர் தவறான முனையைத்தான் எடுப்பார்.

மூன்றாவது கோளாறு மழுங்கல். பிதுக்கம் என்பது நிகழ்வு. மழுங்கல் என்பது அது மீண்டும் மீண்டும் நடந்ததால் உலோகத்தில் ஏற்பட்டுவிட்ட சேதம். முனை ஓரிரு முறை பிதுங்கிய உடனே நிறுத்தி, அழுத்தத்தையும் எண்ணையும் சரிபார்த்தால் தலை பிழைத்துக்கொள்ளும். மழுங்கிய பின் அழுத்துவதால் பெரும்பாலும் பயன் இல்லை. அகன்ற ரப்பர் பட்டையை இடையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். தலை வெளியே துருத்திக்கொண்டிருந்தால் குறட்டால் பற்றிச் சுழற்றலாம். அதுவும் முடியாவிட்டால், இரும்பறுக்கும் வாளால் தலையின் குறுக்கே ஒரு பிளவை வெட்டித் தட்டை முனையால் கழற்றலாம்.

நான்காவது மரைத் தேய்வு; மரை என்பது ஆணியின் உடலைச் சுற்றியுள்ள திருகுவரி. இதில் முனையும் தலையும் நன்றாகவே இருக்கும். ஆணி சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் இறுகாது. மரத்தில் ஆணியின் மரை பிடித்திருந்த இடம் சிதைந்துபோனதே காரணம். துளையில் பசை தடவிய மரச்சிம்பைச் செருகி, பசை காய்ந்த பின் மீண்டும் முடுக்க வேண்டும், அல்லது சற்றுப் பருத்த ஆணிக்கு மாற வேண்டும். இதை “ஸ்லிப் ஆகிறது” என்று கேட்டு, பிதுக்கம் என்று எண்ணி மேலும் அழுத்தித் திருப்புபவர், துளையை இன்னும் பெரிதாக்கிவிடுவார்.

முடிவு செய்யப்படாத ஒன்று மிச்சம் இருக்கிறது. நட்டுகளின் ஆறு மூலைகளும் தேய்ந்து உருண்டுபோவதையும் ‘முனை மழுங்கல்’ என்று எழுதலாம் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. முனை என்பது திருப்புளிக்கே உரியதாக இருக்கட்டும், நட்டுக்கு ‘மூலை மழுங்கல்’ என்போம். அதன் காரணங்களும் வேறு. எம்6 (6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஆணிக்கான) நட்டுக்குப் பொதுவாக 10 மில்லிமீட்டர் ஸ்பானரும், எம்8 நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பானரும் தேவை. ஓர் அளவு பெரிதாக எடுத்தாலும் வாய் மூலைகளை மட்டுமே பற்றும். வாயின் அகலத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்பானராக இருந்தால், இடைவெளி துளியும் இல்லாதபடி வாயை நெருக்கி, இழுக்கும் விசையின் பெரும்பளு அசையாத தாடையின்மீது விழும்படி வைத்து, நகரும் தாடை இருக்கும் பக்கமாகத் திருப்ப வேண்டும். இந்த இரு தாடைகளுக்கும் ‘நிலைத்தாடை’, ‘நகர்தாடை’ என்று எழுதலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.