தத்தெடுத்த நாயோட மரைன் டிரைவில ஓடலாமா?

வெள்ளவத்தை ஓட்டக்காரன்:
தெருவில இருந்து மீட்ட பெட்டை நாய் ஒண்டைத் தத்தெடுத்திருக்கிறம். வயது இரண்டு இருக்குமாம், நிறை 18 கிலோ. விசர்நோய்த் தடுப்பூசியும் கருத்தடையும் முடிஞ்சுது. நான் காலமையில மரைன் டிரைவில 5 கிலோமீற்றர் ஓடுறனான். இவளையும் எப்ப கூட்டிக்கொண்டு போகலாம்? அவளின்ர கயிறை என்ர இடுப்பில கட்டுற பெல்ட் வாங்கட்டோ?

கொழுவி:
முதல் மூண்டு கிழமை நடை மட்டும். எதுக்கு மிரளும் எண்டு இப்ப உங்களுக்குத் தெரியாது. கரையோர ரயில் கோர்ன் அடிக்கேக்க நிக்குதோ, பின்னுக்கு இழுக்குதோ எண்டு நடக்கேக்கையே பாத்து வையுங்கோ.

நாய் கழண்டு ஓடுறது அநேகமா ஒரே விதமாத்தான். நீங்கள் முன்னுக்கு இழுக்க, அது தலையைக் குனிஞ்சு பின்னுக்குப் போகும், உடம்பில பூட்டுற பட்டி, அதுதான் ஹார்னஸ், தலைக்கு மேலால உருவுப்படும். அதால நெஞ்சுப்பக்கம் கவட்டை வடிவில, விலா எலும்புகள் முடியிற இடத்தில இன்னொரு பட்டியும் உள்ள ஹார்னஸ் எடுங்கோ. பட்டிக்குள்ள இரண்டு விரல் போகவேணும், நாலு போகக்கூடாது. கழுத்துக்கு, இழுத்தா மட்டும் இறுகுற மார்ட்டிங்கேல் கொலர். இரண்டையும் ஒரு கட்டைக் கயிறால இணைச்சுவிட்டா, ஒண்டு கழண்டாலும் மற்றது பிடிக்கும். கடற்கரைப் பக்கம் கயிறை மாட்டுற கொழுவியின்ர ஸ்பிரிங் உப்புக்காத்தில துருப்பிடிச்சு, முழுசா மூடாமல் நிக்கும். நல்ல தண்ணியில அடிக்கடி கழுவுங்கோ.

இடுப்பு பெல்ட் இப்ப வேண்டாம். பூனையைக் கண்டு 18 கிலோ பக்கவாட்டில பாய்ஞ்சா நீங்கள் ரோட்டில. கையில பிடியுங்கோ, ஆனா லீஷை, அதாவது நாய்க்கயிறை, கையில சுத்தாதேங்கோ. நீண்டு சுருங்கிற லீஷ் ஓட்டத்துக்கு உதவாது.

உண்ணி எதிரி:
ஓட முதல் இரத்தப் பரிசோதனை செய்யுங்கோ. தெருவில வளர்ந்த நாயளுக்கு உண்ணிக்காய்ச்சல் வெளியில தெரியாமலே இருக்கலாம். உண்ணியால வாற கிருமியளில பபீசியா இரத்தத்தின்ர சிவப்பணுவை உடைக்கும், எர்லிக்கியா இரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டைக் குறைக்கும். இரத்தம் குறைஞ்ச நாயை ஓடவிட்டா பாதி வழியில படுத்திடும், நாங்கள் சோம்பல் எண்டு நினைப்பம். பல்லு முரசு வெளிறியிருக்கோ எண்டு பாருங்கோ. உண்ணி மாத்திரை நிறையைப் பாத்துத்தான் குடுக்கிறது. மழை வெள்ளத்தில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அதின்ர ஊசி போட்டாச்சோ?

காலை ஐந்து மணி:
நாய் உடம்பைக் குளிராக்கிறது பெரும்பாலும் மூச்சு இளைக்கிறதாலதான், கொழும்பு ஈரப்பதனில அது சரியா வேலை செய்யாது. சூரியன் எழும்ப முதல் முடியுங்கோ. ஒரு நிமிஷம் மெல்லோட்டம், இரண்டு நிமிஷம் நடை, இப்பிடி ஆறு தடவை, கிழமையில மூண்டு நாள். 5 கிலோமீற்றருக்கு அவசரமில்லை. பின்னேரம் எண்டா புறங்கையைத் தாரில ஏழு செக்கன் வையுங்கோ. பொறுக்காட்டி அவளின்ர பாதமும் பொறுக்காது. ஓட முதல் இரண்டு மணித்தியாலம் சாப்பாடு வேண்டாம், தண்ணி குடுக்கலாம்.

நாக்கு அகண்டு தொங்கி, வீணி கயிறு மாதிரித் தடிச்சு, முரசு செங்கல் நிறமாகி, நடை தள்ளாடினா அது வெப்பத்தாக்கு. உடனே உடம்பு முழுக்கப் பைப் தண்ணி ஊத்தி, காத்து விசுக்குங்கோ. ஈரத்துவாயால மூடாதேங்கோ, சூடு உள்ள நிண்டிடும். ஏசி போட்ட வாகனத்தில மிருக வைத்தியரிட்ட கொண்டு போங்கோ, வழியிலயும் நனைச்சுக்கொண்டு.

வெள்ளவத்தை ஓட்டக்காரன்:
நன்றி. ஒழுங்கை முனையில கட்டாக்காலி நாயள் வந்தா, கல்லெடுக்கிற மாதிரிக் குனிஞ்சாப் போகும்தானே?

கொழுவி:
அதுகள் போகும், உங்கட நாயும் போகப் பாக்கும். தெருவில வளர்ந்தது கல்லுக்குக் குனியிற ஆளை நல்லாத் தெரிஞ்சு வைச்சிருக்கும், கயிறு உங்கட கையில இருந்தாலும் மிரளும். ஓட்டத்தை நிப்பாட்டுங்கோ, ஓடினாத்தான் அதுகள் துரத்தும். லீஷைக் கட்டையாப் பிடிச்சு, அவளை உங்களுக்குப் பின்னால விட்டு, அதுகளுக்கு முதுகு காட்டாமல் வளைஞ்சு நடந்து போங்கோ. கடிபட்டா காயத்தைச் சவுக்காரம் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்கோ. கடி உங்களுக்கெண்டா அதே நாள் அரச ஆஸ்பத்திரிக்கு, அவளுக்கெண்டா ஊசி போட்டிருந்தாலும் மிருக வைத்தியரிட்ட.