ரெப்பேயோட பழைய புக்கு யாருக்குச் சொந்தம்?

ஏட்டுப்பூச்சி:
ரெண்டு நாளா ஜெருசலேம் ஏல கேட்டலாக் பாத்துட்டு இருக்கேன், மனசு ஆறல. யூதர்கள்ல ஹசிதிக்னு ஒரு பக்திப் பிரிவு, அவங்க குருவ ரெப்பேன்னு சொல்வாங்க, அவங்க கையில வெச்சுப் படிச்ச பழைய வேத புக்குங்க ஏலத்துக்கு வருது. உள்ள இருக்குற விஷயம் புது அச்சுலயே கிடைக்கும், விலை எல்லாம் முதல் பக்கத்து கையெழுத்துக்கும் சீலுக்கும் ஓரக் குறிப்புக்கும்தான். ஒரு போட்டோவுல பழுப்பு மசியில ஓரமா நாலு வரி, பின்னாடி யாரோ பைண்டிங் பண்றப்ப ஓரத்த வெட்டிட்டாங்க, வரிக்கு வரி கடைசி எழுத்து பாதியா நிக்குது. இத வாங்கி பீரோவுல பூட்டி வெக்கிறது தப்புங்க, இது அந்த ஜனங்களோட சொத்து.

தெக்கத்தியான்:
நாஜிங்க கொளுத்துனது போக, சோவியத் பறிமுதல் பண்ணது போக மிஞ்சினதுல எவ்வளவோ தனி ஆளுங்க காசு போட்டு காப்பாத்துனது சார். வாங்குறதுல நிறைய பேர் ஹசிதிம்தான், அதாவது ரெப்பேய பின்பற்றுறவங்க. உக்ரைன்ல ஸ்லாவுடா அச்சகம்னு ஒண்ணு, கோரெட்ஸ் பின்காஸ் ரெப்பே வம்சத்துக்காரங்க நடத்துனது, 1836ல ஜார் அரசாங்கம் யூத அச்சகங்கள மூடுனப்ப அதுவும் போச்சு, அங்க அச்சான புக்க இன்னிக்கும் தேடித் தேடி வாங்கி அதுலதான் படிக்கிறாங்க. அவங்கள போய் பதுக்குறவங்கன்னு சொல்லாதீங்க.

ஏட்டுப்பூச்சி:
படிக்கிறவங்கள சொல்லல சார், விக்கிறவங்கள சொல்றேன். 1985ல புரூக்ளின்ல லுபாவிச்ங்கிற ஹசிதிக் இயக்கத்தோட ஆறாவது ரெப்பே வெச்சிருந்த நூலகத்துல இருந்து அவர் பேரனே சுமார் 400 புக்க எடுத்துட்டுப் போய் விக்க ஆரம்பிச்சாரு. தாத்தா சொத்துன்னாரு. கேஸ் நடந்து 1987ல தீர்ப்பு, நூலகம் இயக்கத்தோடதுன்னு. ரெப்பேயோட மகளே சாட்சி சொன்னாங்க, புக்கெல்லாம் ஹசிதிம்களுக்குச் சொந்தம், ஏன்னா எங்கப்பாவே ஹசிதிம்களுக்குச் சொந்தம்னு.

மீனா_கேஎல்:
எனக்கு அந்த தீர்ப்புல முழு சம்மதம் இல்லண்ணா. அதுக்கு பெரிய ஆதாரமே 1946ல ரெப்பே ஒரு அமெரிக்க யூத அறிஞருக்கு எழுதுன லெட்டர், போலந்துல மாட்டிக்கிட்ட புக்குங்கள மீட்க உதவி கேட்டு, இது இயக்கத்தோட சொத்துன்னு எழுதியிருந்தாரு. மீட்கறதுக்காக அப்படி எழுதுனாருன்னு குடும்பத்துல சொன்னாங்க, ஜட்ஜ் ஏத்துக்கல. ஒரு வீட்ல தலைமுறையா வந்த புக்க ஒரே நாள்ல உனக்கு இல்லன்னா எப்படி இருக்கும்?

தெக்கத்தியான்:
இன்னொண்ணு, ஜனங்கன்னா எந்த ஜனங்க? 1915ல போர்ல லுபாவிச் ஊர விட்டுக் கெளம்பறப்ப ஐந்தாவது ரெப்பே புக்குங்கள மாஸ்கோ கிடங்குல வெச்சாரு, புரட்சிக்கு அப்புறம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, சுமார் 12,000 புக்கு. ரஷ்யா என்ன சொல்லுது? தேசத்து சொத்து, ஜனங்களோடதுன்னு. லுபாவிச் இயக்கம் போட்ட கேஸ்ல, புக்க திருப்பிக் குடுக்கலன்னு அமெரிக்க ஜட்ஜ் 2013ல நாளைக்கு 50,000 டாலர் ஃபைன் போட்டும் அசையல, மாஸ்கோ யூத மியூசியத்துக்கு மாத்துனதோட சரி. உங்க வாதத்த அப்படியே அவங்க பேசுறாங்களே சார்.

ஏட்டுப்பூச்சி:
ரெண்டும் ஒண்ணா? பின்பற்றுறவங்க குடுத்த காணிக்கைலதான் ரெப்பே வீடே நடந்துச்சு, புக்கும் அதுல வந்ததுதான். ரஷ்ய அரசாங்கம் என்ன குடுத்துச்சு? மீனா சொல்ற வலி புரியுது, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா ஏலத்துல எடுக்குறவங்க ஓரக் குறிப்பையாவது போட்டோ எடுத்து எல்லாருக்கும் குடுக்கணும், அதுல விட்டுக்குடுக்க மாட்டேன்.

தெக்கத்தியான்:
போட்டோ குடுக்கணும்னா நானும் ஒத்துக்கறேன் சார். புக்கு மட்டும் காசு போட்டு வாங்குனவங்க வீட்லயே இருக்கட்டும்.