விழுவதற்கு முன்னால் என்ன நடந்தது? அவசரப் பிரிவு அனுபவங்கள்

டியூட்டி டாக்டர்:
பிளஸ் டூ படிக்கும் பெண். விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். வருவதற்குள் தெளிந்துவிட்டது. "ஃபிட்ஸ் டாக்டர், ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறா" என்றார் அம்மா. பழைய ஃபைலில் தலை ஸ்கேன் நார்மல், மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் இஇஜியும் நார்மல். ஈசிஜி மட்டும் ஒருமுறைகூட எடுக்கப்படவில்லை. அது எனக்கு இன்றும் ஆறவில்லை.

"விழும்போது என்னம்மா செஞ்சிட்டிருந்தா?"

"அலாரம் அடிச்சுச்சு. எந்திரிச்சு உக்காந்தவ அப்படியே சாஞ்சுட்டா. போன தடவையும் அலாரந்தான்."

ஈசிஜியில் க்யூடி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் மின்சாரம் பாய்ந்து மீண்டும் தயாராக எடுக்கும் நேரம், துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்த்தால் 520 மில்லிசெகண்ட். பெண்களுக்கு 460 தாண்டினாலே யோசிக்க வேண்டும். குடும்பவழி வரும் நீள் க்யூடி நோயின் இரண்டாம் வகையில் திடீர்ச் சத்தம் கேட்டாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். மூளைக்கு ரத்தம் போகாத அந்தச் சில நொடிகளில் கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு அச்சு அசலாக வலிப்புதான்.

குமட்டல் என்றதால் சிஸ்டர் ஒன்டான்செட்ரான் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார். க்யூடியை இன்னும் நீட்டும் மருந்து! ஓடிப்போய் நிறுத்தினேன். பிறகு இதயப் பிரிவில், துடிப்பு தாறுமாறாகாமல் காக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையைத் தொடங்கினார்கள்.

குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா என்று கேட்டதும் அம்மா உடைந்துவிட்டார். அவர் தங்கை 20 வயதில், தூக்கத்திலேயே. பெண்ணின் தம்பிக்கும் அன்றே ஈசிஜி எடுத்தோம். அவனுக்கும் க்யூடி 490.

செவிலியர்:
58 வயது ஐயா. நெஞ்சு வலி என்று வீட்டில், ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் சுருண்டுவிட்டார். மேல் பிபி 60. அவர் மனைவியை ஓபி சீட்டு வாங்க அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டுக் காதோரம் கேட்டேன். "ராத்திரி ஒரு மாத்திரை போட்டேம்மா." ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டனாஃபில். அது போட்ட 24 மணி நேரத்துக்குள் சார்பிட்ரேட் கூடவே கூடாது. காலை உயர்த்தி, சலைன் ஏற்றியதும் மெல்லத் தேறினார். மனைவி பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் மனுஷன் எப்படிச் சொல்வார்?

108 ஊழியர்:
கோயில் வரிசையில் ஓர் அக்கா விழுந்துவிட்டார். விரதம், வெயில் என்று சோடா உடைக்கப் போனார்கள். படுக்க வைத்ததும் தோள்பட்டை வலிக்கிறது என்றார். அடிபடாத தோள். "நாள் தள்ளிப் போயிருக்காக்கா?" என்றேன். "ரெண்டு வாரம்." கரு கருப்பைக்குப் போகாமல் கருக்குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளிலும் வலிக்கலாம். வண்டியிலிருந்தே போன் போட்டுச் சொல்லிவிட்டோம். போய் இறங்கும்போது ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது.