தம்பி கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை

தைப்பூசத்துக்குப் பினாங்கில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தோம். தண்ணீர்மலைக்குப் போய்வந்த மறுநாள், பசியாறும்போது பேச்சு வந்தது. தம்பிக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பா கோபப்படவில்லை. "இது நீயா எடுத்த முடிவுதானேப்பா, மாத்திக்க முடியாதா?" என்று கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "பொம்பளைங்களத்தான் பிடிக்கணும்னு நீங்க எப்போ பெரியப்பா முடிவு பண்ணீங்க?"

"நான் எங்கம்மா முடிவு பண்ணேன்? எங்கப்பா பொண்ணு பார்த்தாரு. தாலி கட்டினப்புறம் பிடிச்சுப்போச்சு. இவனுக்கும் அப்படி வரும்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. கல்யாணம் முடிவுதான், பாசம் பழகப் பழக வளரும். ஆனால் பெரியம்மாமேல் அது வளர்ந்ததற்கு, பெண்கள்மேல் அவருக்கு ஏற்கெனவே ஈர்ப்பு இருந்ததும் காரணம் இல்லையா? அதை யாரும் அவருக்குப் பார்த்து வைக்கவில்லையே. அப்புறம், தம்பிக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைத்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாம். நானோ ஆராய்ச்சிக்குத் தாவினேன். உலகச் சுகாதார நிறுவனம் 1990-லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்றேன். 2019-இல் ஏறக்குறைய 4,70,000 பேரை வைத்து வந்த ஆய்வு, மரபணுவுக்கும் இதில் பங்குண்டு என்கிறது என்றேன். இதைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு எதுவும் இல்லை என்றும் அதே ஆய்வு சொல்வதை விட்டுவிட்டேன். கடைசியாக என் வழக்கமான வாதம்: "நம்ம மலேசியச் சட்டத்துல ஆணும் ஆணும் உறவு வச்சா 20 வருஷம் வரைக்கும் ஜெயில், பிரம்படி. தெரிஞ்சே யாராவது இதைத் தேர்ந்தெடுப்பாங்களா?"

பெரியப்பா எதுவும் பேசவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் கர்னி டிரைவில் நடக்கும்போது தம்பி கேட்டான். "அப்போ ஒருத்தன் விரும்பியே தேர்ந்தெடுத்திருந்தா, அவனை அடிக்கலாமாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. 'அவன் என்ன செய்வான், பாவம்' என்றுதான் இத்தனை நாளும் அவனுக்காகப் பேசியிருக்கிறேன். அவன் யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வீட்டிலேயே சின்ன அத்தை தானாக விரும்பி மதம் மாறினார். அதைப் பிறவிக் குணம் என்று நிரூபிக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

தீபாவளிக்கு மறுபடி பெரியப்பா வீட்டுக்குப் போகிறோம். 'பிறவி' என்ற சொல்லே இல்லாமல் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பேசியவர்கள் இருந்தால், எங்கிருந்து ஆரம்பித்தீர்கள் என்று எழுதுங்கள்.