பிரிட்ஜுக்கு ஜேபியா, 59ஆ? ஹம்பக்கர் மாத்தினவை உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தையிலிருந்து:

என்ர எலக்ட்ரிக் கிற்றாரின்ர பிரிட்ஜில (கம்பி கட்டியிருக்கிற அடிப்பக்கம்) இருந்த சீமோர் டங்கன் ஜேபி பிக்கப்பைக் கழட்டிப்போட்டு அதே கொம்பனியின்ர 59 பிக்கப்பைப் போட்டு மூண்டு மாதம் ஆகுது. பிக்கப் எண்டது கம்பியின்ர அதிர்வைக் கரண்டாக்கிற காந்தச் சுருள். இது ரெண்டும் ஹம்பக்கர், எண்டா இரைச்சலை வெட்ட ரெட்டைச் சுருள் வைச்சது. இன்னும் திருப்பி மாத்தேல்லை. ஏன் எண்டு சொல்லுறன், நீங்களும் உங்கட கதையைச் சொல்லுங்கோ.

ஜேபியை 2022இல கனடாவில இருந்து வந்த மாமா கொண்டுவந்து தந்தவர். அந்த வருசம் டொலர் 200இல இருந்து 300ஐத் தாண்டிப் போன நேரம். இங்க காசு குடுத்து வாங்குற யோசனையே எனக்கு இருக்கேல்லை. மின்வெட்டு நேரம் பார்த்து, கரண்ட் வந்த உடன சோல்டரிங் அயனைச் சூடாக்கி, வீட்டிலயே பூட்டினன். முதல் கோட் (பல கம்பியைச் சேர்த்து அடிக்கிற ஸ்வரக் கூட்டு) அடிச்ச உடனயே நெஞ்சு நிறைஞ்சுது. பழைய பிக்கப்போட ஒப்பிட்டால் சத்தம் தடிச்சு, மேல் மிட் (நடுச் சத்தத்தின்ர மேல் பகுதி) முன்னுக்கு வந்து நிண்டுது. டிஸ்டோர்ஷனில (சத்தத்தை உடைச்சுக் கரகரப்பாக்கி) தனிய லீட், அதாவது மெட்டு வரி, வாசிக்கேக்க ஒரு ஸ்வரம் பாடுற மாதிரி நீண்டு கொண்டே போகும். அந்த இரவு நான் நித்திரை கொள்ளேல்லை.

பிரச்சினை பாண்டுக்குள்ள வந்தபிறகுதான் தெரிஞ்சுது. எங்கட வேலை கலியாண வீடு. அரை மணித்தியாலம் தமிழ்ப் பாட்டு, பிறகு பைலா, எங்கட நாட்டு ஆட்டப் பாட்டு. பைலாவின்ர 6/8 தாளத்தில கிற்றார்தான் வண்டியை இழுக்கிற மாடு. ஒவ்வொரு அடியும் வெட்டின மாதிரி விழவேணும். ஜேபியில முழு கோட் அடிச்சா அம்ப் கிளீன் சனலிலயே (சத்தம் உடையாமல் வரவேண்டிய பக்கத்திலயே) கொஞ்சம் உடையும். ஆறு கம்பியும் ஒண்டா ஒட்டிப்போய், கீபோர்ட்காரன்ர இடது கையோட கலந்திடும். வொலியூமைக் குறைச்சா மேல் சத்தம் மங்கிப்போகும். தெகிவளையில ஒரு மண்டபத்தில பாட்டு முடிஞ்சு இறங்க, எங்கட ட்ரம்மர் தம்பி கேட்டான், “அண்ணை, ரிதம் வாசிச்சனீங்களா?” எண்டு. வாசிச்சனான், முழுப் பாட்டும்.

அதுக்குப் பிறகுதான் ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்க்க வேணுமெண்டு இருந்தன். கூட்டாளி ஒருத்தனிட்ட இருந்து 59ஐ இரவல் வாங்கினன். ரெண்டுக்கும் ஒரே கிற்றார், ஒரே தடிப்பு (10–46) கம்பிக் கட்டு. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சுக் கம்பிக்கும் பிக்கப்புக்கும் இடைவெளி 1.6 மில்லிமீற்றர். ஒரே பைலா ரிதம், ஒரே லீட் வரி. எங்கட ஃபிளாட் மரைன் டிரைவ் பக்கம், கரையோர ரயில் போகேக்க ஜன்னலே அதிரும். ரயிலுக்கும் ரயிலுக்கும் இடையில பதியவேண்டி இருந்தது, அதால ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சு.

முதல் தரம் கேட்க ஜேபிதான் நல்லா இருந்தது. பிறகு ரெண்டு பதிவின்ர சத்த அளவையும் சமப்படுத்திப்போட்டுக் கேட்டன். அப்ப எனக்குப் பிடிச்சிருந்ததில பாதி காணாமல் போச்சு. கூட சத்தமா இருக்கிறது கூட நல்லது மாதிரிக் கேட்கும், அவ்வளவுதான். மிஞ்சின வித்தியாசம் உண்மையான வித்தியாசம். 59இல நடு கொஞ்சம் உள்வாங்கி, மேல திறந்து, கோட்டில மூண்டாம் கம்பி எது, நாலாம் கம்பி எது எண்டு பிரிச்சுக் கேட்கலாம். பிக்கால கம்பியை மெல்லத் தொட்டா மெல்ல, உறுக்கி அடிச்சா உறுக்கமா வரும். ஜேபி அந்த ரெண்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்திடும். லீட்டுக்கு அது வரம், ரிதத்துக்கு அதுவே சுமை.

வீட்டில தனிய இருந்து பிக்கப் தெரிவு செய்யாதேங்கோ எண்டுதான் நான் சொல்லுவன். பாண்டோட வாசிச்சுப் பாருங்கோ.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

தம்பி, நல்லா எழுதியிருக்கிறீர். நான் கோயில் பாடகர் குழுவில முப்பது வருசமா வாசிக்கிறன். ஒண்டு சேர்க்க விரும்புறன். 59ஐ எல்லாரும் ‘பழைய ஒலி’ எண்டு சொல்லுவினம், பழைய கிப்சன் பிக்கப் மாதிரி எண்டு. 1955இல கிப்சன் கிற்றார் கொம்பனியில வேலை செய்த செத் லவர்தான் இந்த ரெட்டைச் சுருள் வேலைக்குக் காப்புரிமை கேட்டவர். அது 1959இலதான் கிடைச்சது. அந்தக் காலத்தில ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டது’ (பேட்டன்ட் அப்ளைட் ஃபோர்) எண்டு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வந்ததைத்தான் இண்டைக்கு பிஏஎஃப் எண்டு கொண்டாடுறம். ஆனா அந்தப் பழையதே ஒண்டுபோல ஒண்டு இல்லை. சுற்றின சுற்று எண்ணிக்கை பிக்கப்புக்குப் பிக்கப் மாறும், காந்தமும் அல்னிக்கோ (ஒரு உலோகக் கலவை) 2, 3, 4, 5 எண்டு கையில கிடைச்சதெல்லாம் போட்டிருக்கினம். அதால ‘உண்மையான பிஏஎஃப் சத்தம்’ எண்டு ஆராவது சொன்னா, எந்த பிஏஎஃப் எண்டு கேளும்.

என்ர கிற்றாரில நெக்கில (கழுத்துப் பக்கம்) அல்னிக்கோ 2 காந்தம் போட்ட பிக்கப். திவ்விய நற்கருணை நேரம் ஓர்கனுக்குக் கீழ மெல்ல ஆர்பெஜியோ வாசிக்க அதை விட எனக்கு வேற வேண்டாம். 5ஐ விட அது பலம் குறைஞ்ச காந்தம், கம்பி தொடங்கேக்க வாற அந்தக் கூர் மழுங்கி வரும். பேஸ் கொஞ்சம் தளர்வு, உண்மைதான். கோயிலில அதை பேஸ்காரர் பார்த்துக்கொள்ளுவார்.

மட்டக்குளியிலிருந்து:

மச்சான், மெட்டல் வாசிக்கிறவன்ர பக்கத்தையும் கேளுங்கோடா. நான் டிமார்சியோ கொம்பனியின்ர சூப்பர் டிஸ்டோர்ஷன் பிக்கப் போட்டிருக்கிறன். 1972இல வந்தது, மாற்றிப் போடுறதுக்கெண்டே செய்து வித்த முதல் பிக்கப், செரமிக் காந்தம். ட்ரொப் டியூனிங்கில (தடிச்ச கம்பியின்ர சுருதியைத் தாழ்த்தி) உள்ளங்கையால அமத்தி அடிச்சா அடி சுவரில படுற மாதிரி இறுக்கமா வரும். எனக்கு 59 போதாது.

ஆனா பூட்டேக்க நான் பட்டதைச் சொல்லவேணும், ஆரும் பிறகு படக்கூடாது. இன்டர்நெட்டில எடுத்த வயரிங் படம் சீமோர் டங்கன் வயர் கலருக்கானது. அதில கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முடிச்சு, பச்சை ஏர்த். நான் அதே மாதிரி டிமார்சியோவுக்கு ஈயம் வைச்சுட்டன். டிமார்சியோவில சிவப்புத்தான் சிக்னல், கறுப்பும் வெள்ளையும்தான் முடிச்சு. பச்சை மட்டும் ரெண்டிலும் ஏர்த். போட்டுப் பார்த்தா பொக்கற் ரேடியோ மாதிரி ஒரு மெலிஞ்ச மூக்குச் சத்தம், அதோட ஹம் வேற. பிக்கப் பழுதெண்டு நினைச்சு ரெண்டு கிழமை பெட்டியில போட்டு வைச்சிருந்தன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில சாமான் வாங்கப் போன இடத்தில ஒரு ஐயா ஒரு பேப்பரில கீறிக் காட்டினார். ஒரு சுருளைத் தலைகீழாக் குடுத்தா கம்பியின்ர சத்தம் ஒண்டையொண்டு வெட்டும், வீட்டுக் கரண்டின்ர 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் கூட்டுப்படும். ஹம்பக்கர் செய்யுற வேலைக்கு நேர் எதிர். வீட்ட வந்து ரெண்டு வயரை மாத்தினன், கிற்றாருக்கு உயிர் வந்தது.

பம்பலப்பிட்டியிலிருந்து:

வெள்ளவத்தை அண்ணா, உங்களுடைய வொலியூம் பொட் (வொலியூம் திருகியின் மாறுதடை) எத்தனை கிலோ ஓம்? நான் செகண்ட் ஹாண்டாக எடுத்த கிற்றாரில் ஜேபி மங்கலாகவே இருந்தது. திறந்து அளந்தால், முந்தி வைத்திருந்தவர் 250 போட்டிருந்தார். 500 மாற்றியவுடன் மேல் சத்தம் திரும்பி வந்தது, ஒரு நாள் கழித்து அது எனக்குக் கூடிப்போய் 250க்கே திரும்பினேன்! பிரகாசமான அம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஜேபியும் 250உம் நன்றாகப் பொருந்தும் என்பது என் அனுபவம். பிக்கப்பைக் குறை சொல்ல முதல் பொட்டை அளந்து பாருங்கள்.

இன்னொரு கேள்வி. பெட்டியில் 8.1 கிலோ ஓம் என்று போட்டிருக்கும் 59 என் மல்ரிமீற்றரில் 8.5 காட்டுகிறது. போலியா?

வெள்ளவத்தையிலிருந்து:

பொட் 500 தான், கழட்டின நேரம் அளந்தனான். நீர் சொன்ன மாதிரி ஜேபியை 250இல போட்டுப் பார்க்கேல்லை, அது என்ர ஒப்பீட்டில ஒரு ஓட்டை.

8.5க்குப் பயப்பிடாதேயும். செப்புக் கம்பிக்கு ஒரு பாகை சூடு கூட, தடை கிட்டத்தட்ட 0.4 வீதம் கூடும். 20 பாகையில 8.1 காட்டுற சுருள், எங்கட மத்தியான 32 பாகையில 8.5 காட்டும். விடிய எழும்பி அளந்து பாரும், குறையும். மற்றது, இந்த ஓம் கணக்கை வைச்சு சத்தத்தின்ர பலத்தை முடிவு பண்ணேலாது. ஜேபி 16க்கு மேல காட்டுறது கூடச் சுற்றினதால மட்டுமில்லை, அதில சுற்றியிருக்கிற கம்பியே 59இல இருக்கிறதை விட மெல்லிசு. மெல்லிசு எண்டா அதே நீளத்துக்குத் தடை கூட.

மட்டக்குளி மச்சான், உன்ர செரமிக்கை நான் பாண்டில கேட்டிருக்கிறன், அந்தப் பாட்டுக்கு அதுதான் சரி. 59ஐ அதில வைச்சா பாவம்.

தெகிவளையிலிருந்து:

கடற்கரைப் பக்கம் இருக்கிறவைக்கு ஒரு சொல். பிக்கப்பின்ர உயரத்தைச் சரிசெய்யுற ஸ்குரூவும் ஸ்பிரிங்கும் உவர்க்காத்தில துருப்பிடிச்சு இறுகிப்போகும். என்ரதில ஒரு பக்க ஸ்குரூ தலை தேய்ஞ்சு, நெக் பிக்கப் ஒரு வருசம் கோணலா, கீழ் மூண்டு கம்பியும் மேல் மூண்டை விடச் சத்தமாக் கிடந்தது. ‘பிக்கப் சரியில்லை’ எண்டு அவ்வளவு காலமும் திட்டினன். ஸ்பிரிங்குக்குப் பதிலா மீன் தொட்டிக்குக் காத்து விடுற சிலிக்கன் குழாயை வெட்டிப் போட்டிருக்கிறன், இப்ப அசையாமல் நிக்குது. ஸ்குரூவும் துருப்பிடிக்காத இரும்பில மாத்தியாச்சு.

வெள்ளவத்தையிலிருந்து:

குழாய் யோசனை அருமை, நாளைக்கே வாங்குறன். பம்பலப்பிட்டித் தம்பி, உம்மட்ட அந்த 250 பொட் சும்மா கிடந்தா சனிக்கிழமை கொண்டு வாரும். ஜேபியை அதோட ஒருக்காப் பூட்டி, அதே பைலா ரிதத்தை ரயிலுக்கு இடையில திருப்பிப் பதிவம்.